ஒரே நாளில் உச்சத்தைத் தொட்டு, அடுத்த ஆண்டே காணாமல்போன விளையாட்டு வீரர் யாராவது உண்டா?

உண்டு. பம்பஸ் ஜோன்ஸ். பேஸ்பால் பைத்தியங்களில்கூடப் பலர் கேள்விப்படாத பெயர்.

1892 அக்டோபர் 15, அமெரிக்காவின் தேசிய லீக்கில் சீசனின் கடைசி நாள். ஒஹாயோ மாநிலத்துச் சிடர்வில்லைச் சேர்ந்த 22 வயது ஜோன்ஸ், சின்சினாட்டி அணிக்காகப் பிட்ஸ்பர்க்கை எதிர்த்துப் பந்து எறிய வந்தார். பெரிய லீக்கில் அதுதான் அவருக்கு முதல் ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸிலும் பிட்ஸ்பர்க்காரர்களால் ஒரு ஹிட்கூட (பந்தை அடித்துத் தளத்தைப் பிடிப்பது) அடிக்க முடியவில்லை. எல்லைக்கு வெளியே எறிந்த பந்துகளால் நான்கு பேருக்கு முதல் தளத்தை இலவசமாகக் கொடுத்தார். ஃபீல்டிங் பிழையால் ஒரு ரன் போனது. சின்சினாட்டி 7-1 என்று வென்றது. முதல் ஆட்டத்திலேயே நோ-ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம்!

அடுத்த சீசனுக்குள் விதி மாறிவிட்டது. அதுவரை பிட்சர் (பந்து எறிபவர்) ஒரு கட்டத்துக்குள் நின்று எறிவார். அதன் முன்கோடு பேட்டரிடமிருந்து 50 அடி. 1893-இல் கட்டத்தை எடுத்துவிட்டு, 60 அடி 6 அங்குலத்தில் ஒரு ரப்பர் பலகையைப் பதித்தார்கள். பத்தடி பின்னே தள்ளிவிட்டார்கள் என்று பலர் எழுதுவார்கள், அது சரியல்ல. பழைய கட்டத்தின் பின்கோட்டில் ஒரு காலை வைத்துத்தான் எறிய வேண்டும் என்பதால் உண்மையில் கூடியது சுமார் ஐந்தடி. அந்த ஐந்தடியே போதுமானதாக இருந்தது. லீக்கின் பேட்டிங் சராசரி (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு) .245-இலிருந்து .280-க்கு ஏறியது; மறு ஆண்டு .309.

ஜோன்ஸும் அந்த ஆண்டு செம்மையாக அடி வாங்கினார். சின்சினாட்டியிலும் பிறகு நியூயார்க்கிலுமாக ஏழு ஆட்டங்கள், ஒரே வெற்றி. மொத்தம் 8 ஆட்டங்கள், 2 வெற்றி, 4 தோல்வியோடு பெரிய லீக் வாழ்க்கை முடிந்துபோனது. மீதிக் காலம் சிறிய லீக்குகளில்.

எல்லாப் பழியையும் விதியின்மேல் போட நான் தயாரில்லை. அதே தூரத்திலிருந்துதான் சை யங் என்ற பிட்சர் 1893-இல் 34 ஆட்டங்களை வென்றார். புகழ்பெற்ற அந்த நாளிலேயே நான்கு பேருக்கு முதல் தளத்தை இலவசமாகக் கொடுத்த கைக்குக் கட்டுப்பாடு குறைவு என்பதே என் கணிப்பு.

1953-இல் நோ-ஹிட்டர் எறிந்த பிட்சர் போபோ ஹோலோமனைச் சிலர் இவருக்குப் போட்டியாக இழுப்பார்கள். ஹோலோமன் அதற்கு முன்பே ஆட்டங்களின் நடுவில் இறங்கி எறிந்திருக்கிறார். அதனால் அது அவருடைய முதல் ஆட்டமே அல்ல; அவர் சேர்த்தி இல்லை.