விழுங்குற சத்தத்தை கேட்டு பழகுற ட்ரெயினிங்: பொண்ணை அனுப்பலாமான்னு கேட்ட அம்மாவுக்கு

அக்கா, உங்க பொண்ணு ஸ்பீச் தெரபி கடைசி வருஷம், இப்ப கழுத்துல ஸ்டெதாஸ்கோப் வச்சு விழுங்குற சத்தத்தை கேக்குற ட்ரெயினிங்குக்கு போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா, பேச்சு வராத பிள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்கத்தானே படிக்க வச்சோம் இது என்ன புதுசான்னு நீங்க பதறுறீங்க. இது புதுசு இல்லக்கா, அவ படிப்புல பெரிய பங்கே இதுதான். பேசுறதுக்கும் விழுங்குறதுக்கும் அதே நாக்கு, அதே தொண்டை, அதே குரல்வளைதானே. ஸ்ட்ரோக் வார்டுல ஸ்பீச் தெரபிஸ்ட்டை அவசரமா கூப்பிடுறது நிறைய நேரம் பேச வைக்கிறதுக்கு இல்ல, இவருக்கு வாய் வழியா தண்ணி குடுக்கலாமா வேண்டாமான்னு பாக்குறதுக்குத்தான்.

நமக்கு புரை ஏறுனா இருமி வெளிய தள்ளிடுவோம். ஸ்ட்ரோக் வந்தவங்க, பார்க்கின்சன்ங்கற நடுக்க நோய் இருக்குறவங்க சில பேருக்கு அந்த உணர்ச்சியே மழுங்கிப் போயிருக்கும், தண்ணி மூச்சுக்குழாய்க்குள்ள இறங்குனாலும் இருமலே வராது, பக்கத்துல உக்காந்து ஊட்டுற வீட்டாளுக்கும் தெரியாது, அப்புறம் காய்ச்சல் நிமோனியான்னு வந்து நிக்கும். இதைத்தான் சைலன்ட் ஆஸ்பிரேஷன்னு சொல்றாங்க.

அந்த சத்தம் எப்படி இருக்கும்னு நீங்களே கேட்டுப் பாருங்க. பொண்ணோட ஸ்டெதாஸ்கோப்பை வாங்கி, தொண்டையில கைவச்சா தட்டுப்படுற மேட்டுக்கு கொஞ்சம் கீழ பக்கவாட்டுல மெதுவா வச்சு ஒரு வாய் தண்ணி குடிங்க. மூச்சு போய் வர்ற சத்தம் சட்டுனு நிக்கும், டக் டக்னு குட்டியா ஒரு சத்தம், மூச்சு இல்லாத அந்த இடைவெளி ஒரு செகண்ட் போல இருக்கும், அப்புறம் மூச்சு பெரும்பாலும் வெளிய வரும். பழகின காது இதுல தேடுறது, விழுங்கின உடனே மூச்சை உள்ள இழுக்குறாரா, அந்த மூச்சுல களகளன்னு ஈரச் சத்தம் இருக்கா, ஒரே வாயை ரெண்டு மூணு தடவை விழுங்குறாரா, இதையெல்லாம்தான். பச்சக் குழந்தைக்கு உறிஞ்சு விழுங்கி மூச்சு விடுற தாளம் தப்புதா இல்லையான்னும் கேப்பாங்க.

இப்ப நான் ஒளிக்காம சொல்ல வேண்டியது. காதை மட்டும் நம்பி யாரும் முடிவு சொல்லக் கூடாது. எக்ஸ்ரே வீடியோவோட ஒப்பிட்டு பாத்த ஆய்வுகள்ல, ஒரே பதிவை கேட்டு ஒருத்தர் நார்மல்னும் இன்னொருத்தர் பிரச்சனைன்னும் சொல்லியிருக்காங்க, எந்த சத்தம் தொண்டைக்குள்ள எதனால வருதுன்னே இன்னும் முழுசா தீர்மானம் ஆகல. உறுதியா தெரியணும்னா எக்ஸ்ரேல தெரியுற பேரியம்ங்கற பொருளை கலந்து குடுத்து எக்ஸ்ரேல பாக்குற வீடியோஃப்ளோரோஸ்கோபி, இல்ல மூக்கு வழியா மெல்லிய கேமரா விட்டு பாக்குற எண்டோஸ்கோபி வேணும். ஆனா ஆளை கட்டில்ல இருந்து நகத்தவே முடியாத நிலைமை இருக்கும், மிஷினே இல்லாத ஆஸ்பத்திரி இருக்கும், அங்க இருமல், குரல் மாற்றம் இதையெல்லாம் பாக்குறதோட சேர்த்து காதும் ஒரு துணை, அவ்வளவுதான்.

அதனால எந்த ட்ரெயினிங்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. பதிவை முதல்ல வீடியோ இல்லாம கேக்க வச்சு, பதிலை எழுத வச்சு, அப்புறம்தான் எக்ஸ்ரே வீடியோவை காட்டுறாங்களான்னு கேளுங்க. நோயாளி சத்தத்துக்கு போறதுக்கு முன்னாடி நல்லா இருக்குறவங்க சத்தத்தை எல்லா வயசுலயும் நிறைய கேக்க வைக்கணும். கொஞ்ச நாள் கழிச்சு அதே கிளிப்பை சொல்லாம கலந்து குடுத்து, முன்ன சொன்ன பதிலையே சொல்றாளான்னும் பாக்கணும், இது ரொம்ப முக்கியம்க்கா. இதை முடிச்சா எக்ஸ்ரேயே தேவையில்லன்னு விளம்பரம் பண்ற இடமா இருந்தா அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எங்கிட்ட இந்தப் பயிற்சிக்கு வந்த பையன் ஒருத்தன் மொத வாரம், எல்லாமே ஒரே மாதிரி கேக்குது சார்னு அழாத குறையா சொன்னான். சட்டைக் காலர் உரசுற சத்தத்தையே விழுங்குற சத்தம்னு எழுதி வச்சிருந்தான். ஒரு மாசம் கழிச்சு ஹெட்ஃபோனை கழட்டிட்டு, இவர் விழுங்கி முடிக்கிறதுக்குள்ளயே மூச்சை இழுத்துட்டார் சார், இவரை எண்டோஸ்கோபிக்கு அனுப்பணும்னான். கேட்டுட்டு அனுப்பணும்னு சொல்லத் தெரியுது பாருங்க, அதுக்குத்தான் இந்த பயிற்சி.

வேலை விஷயத்துல, இந்த சர்டிபிகேட் ஒண்ணை மட்டும் வச்சு யாரும் வேலை தர மாட்டாங்க. டிகிரி, ரெஜிஸ்ட்ரேஷன், விழுங்குற பிரச்சனை இருக்குற நோயாளிகளோட சீனியர் பக்கத்துல நின்னு வேலை செஞ்ச அனுபவம், இந்த மூணும்தான் இன்டர்வியூல பேசும். அதனால வார்டு போஸ்டிங்கை விட்டுட்டு ட்ரெயினிங்குக்கு போறான்னா இப்ப வேண்டாம்னு சொல்லுங்க, போஸ்டிங் கூடவே செய்றான்னா தாராளமா விடுங்க, காலைல கத்துக்கிட்டதை சாயங்காலமே நோயாளி பக்கத்துல உக்காந்து கேட்டுப் பாக்கலாம். சேர்றதுக்கு முன்னாடி நான் மேல சொன்ன கேள்விகளை அவளையே நடத்துறவங்களுக்கு எழுதி கேக்கச் சொல்லுங்க, என்ன பதில் வருதுன்னு எனக்கு அனுப்புங்க, பாத்துட்டு பணம் கட்டலாமான்னு சொல்றேன்.