பாங்க் பான்: பதவிகளும் பிலிஷ் காட்டுக் கொலையும் (கேள்வி பதில்)

கே: 13ஆம் நூற்றாண்டு ஹங்கேரிப் பிரபு பாங்க் பானின் பெயரில் ‘பான்’ குடும்பப் பெயரா?

ப: இல்லை, பதவி. ஹங்கேரி மன்னருக்காக ஸ்லவோனியாவை (இன்றைய குரோஷியப் பகுதி) ஆள்பவர் பான். பாங்க்தான் ஆள் பெயர் (வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!). 1208–1209, 1217–1218 என இரு தடவை அவர் பான். ஆனால் அவர் தொட்ட உச்சம் அது அல்ல. 1212–1213இல் நாதோராக, மன்னருக்கு அடுத்த இடத்தில் இருந்தார். அவரைப் பற்றி ஜோசெஃப் கதோனா எழுதிய நாடகமும் எர்கெல் இசையமைத்த ஓபெராவும் சேர்ந்து ‘பான்’ என்பதையே நிலைக்க வைத்துவிட்டன.

கே: நாதோருக்குச் சம்பளம் உண்டா?

ப: மாதாமாதம் எண்ணிக் கொடுக்கும் சம்பளம் அல்ல. நாதோர் கூடவே ஒரு மாவட்டத்துக்கும் இஷ்பானாக, அதாவது மாவட்டத் தலைவராக, இருப்பார். பாங்குக்குக் கிடைத்தது பொஜோனி, இன்றைய பிராட்டிஸ்லாவா. மாவட்டத்தில் மன்னருக்கு வரும் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு இஷ்பானுக்கு, மீதி இரண்டு மன்னருக்கு. மாவட்டம் கைவிட்டுப் போனால் வருமானமும் போச்சு. அதனால்தான் அடிக்கடி நடந்த பதவி மாற்றங்கள் அவ்வளவு கசப்பை வளர்த்தன.

கே: எந்த ஆண்டு எந்தப் பதவி என்று எப்படித் தெரிகிறது? வாழ்க்கை வரலாறு இருக்கிறதா?

ப: கிடையாது. அரச சாசனங்களின் முடிவில் அப்போதைய உயர் பதவியாளர்களை வரிசையாகச் சொல்வார்கள்: முதலில் பேராயர்கள், ஆயர்கள், பிறகு நாதோர், பான், வைவோடா (டிரான்சில்வேனியாவை ஆள்பவர்), இஷ்பான்கள். ஆண்டுவாரியாக இவற்றை அடுக்கினால் ஒருவரின் பதவி ஏற்ற இறக்கம் தெரியும். சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, வெறும் ‘பேதுரு இஷ்பான்’ என்றிருந்தால் எந்தப் பேதுரு? மாவட்டப் பெயரும் தகப்பன் பெயரும் ஒத்துப்போகாமல் இருவரை ஒருவராக்கக் கூடாது. இரண்டு, ஆட்சியாண்டு. பாங்கின் காலத்து மன்னர் இரண்டாம் ஆந்த்ராஷ் முடிசூடியது 1205 மே மாதம். அவருடைய ஆட்சியாண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. ஒரே சாசனத்தில் வெவ்வேறு ஆண்டுப் பதவியாளர்கள் கூடி நின்றால் அது போலியா என்று பார்ப்பது நல்லது.

கே: அரசியைக் கொன்றது பாங்க்தானா?

ப: நாடகத்தில் ஆம். 1213 செப்டம்பர் 28, பிலிஷ் காடு. மன்னர் ஹாலிச் (இன்றைய உக்ரைன் பகுதி) படையெடுப்பில் இருந்தார். ஜெர்மன் நிலத்திலிருந்து வந்த அரசி கெர்த்ரூதைக் கொன்றவனாகத் தண்டிக்கப்பட்டது தோரேயின் மகன் பேதுரு. உயிர் போயிற்று, நிலமும் போயிற்று. பாங்க் சதியில் சேர்ந்தவர் என்பது வரை சொல்லலாம். அவர் மனைவியை அரசியின் சகோதரர் கெடுத்தார் என்பது பிற்காலக் கதை. என் கணிப்பில் பதவிப் பட்டியலே போதுமான காரணம் சொல்கிறது: 1209இல் பாங்குக்குப் பின் பான் ஆனவர் பெர்தோல்ட். அரசியின் சகோதரர், ஏற்கெனவே கலோச்சாவின் பேராயர். 1212இல் டிரான்சில்வேனிய வைவோடா பதவியும் அவருக்கே.

கே: காற்புள்ளி இடும் இடத்தைப் பொறுத்து பொருள் மாறும், இந்தக் கொலை பற்றிய லத்தீன் கடிதம் ஒன்று உண்டாமே?

ப: எஸ்டெர்கோம் பேராயர் யானோஷ் எழுதியதாக 13ஆம் நூற்றாண்டினரே பதிந்தது. ‘ரெஜீனாம் ஒக்கீதெரே நோலீதே திமேரே போனும் எஸ்ட்’ என்று தொடங்கும். ‘நோலீதே’ என்றால் ‘வேண்டாம்’. அதற்குப் பின் நிறுத்தினால், ‘அரசியைக் கொல்ல வேண்டாம், அஞ்சுவது நல்லது’. ‘திமேரே’க்குப் பின் நிறுத்தினால், ‘அரசியைக் கொல்ல அஞ்ச வேண்டாம், அது நல்லது’.

கே: ஆந்த்ராஷ் 1222இல் வெளியிட்ட பொன் முத்திரை ஆணைக்கும் இந்தக் கொலைக்கும் தொடர்பு உண்டா?

ப: நேரடியாக இல்லை, ஆனால் இரண்டுக்கும் பின்னிருந்த குறை ஒன்றே. அரசவையின் ஒப்புதலின்றி அயலாருக்குப் பதவி கூடாது என்கிறது 11ஆம் பிரிவு. 30ஆம் பிரிவு நாதோர், பான், அரசரின் அரண்மனை நீதிபதி, அரசியின் அரண்மனை நீதிபதி ஆகிய நால்வர் தவிர யாரும் இரட்டைப் பதவி வகிக்கத் தடை போடுகிறது.

கே: பாங்குக்குத் தண்டனையே இல்லையா?

ப: நாதோர் பதவி போனது, அவ்வளவுதான், நான்கே ஆண்டில் மீண்டும் பான். பெரிய குடும்பங்களைப் பகைக்க ஆந்த்ராஷுக்கு அப்போது முடியவில்லை. தாய் கெர்த்ரூதைச் சிறுவயதில் இழந்த நான்காம் பேலா 1235இல் மன்னரானார். பாங்கின் நிலங்கள் துரோகத்துக்காகப் பறிமுதலானதை 1240இல் அவர் கொடுத்த சாசனம் சொல்கிறது.