மூளை இல்லாமல் உணர்வு இருக்க முடியுமா?

முடியாது என்றுதான் நினைக்கிறேன். சின்ன வயதில் அப்படி நினைக்கவில்லை. காரணம் என் சித்தப்பாவின் வலது கால்.

முல்லைத்தீவுப் பக்கம் மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே போன கால் அது. பகலில் பொய்க்காலை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வருவார். இரவு அதைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டுப் படுத்தால் தொடங்கிவிடும். "பெருவிரல் மடங்கி இறுகிப்போய்க் கிடக்கடா, ஒருக்கா நிமித்தி விடு" என்பார். விரல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பாய்தான் இருக்கும். அப்பாச்சிக்கு இதில் சந்தேகமே இல்லை: "கால் போனாலும் காலின்ர உயிர் போகேல்ல. ஆளும் அப்பிடித்தான்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பிறகுதான் வாசித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களைப் பார்த்த மருத்துவர் சைலஸ் வேர் மிச்செல் 1871இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கால் போனாலும் மூளையில் காலுக்கென்று உள்ள பகுதி போய்விடுவதில்லை. 1990களில் மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன் (நம்மாள், தமிழர்) கை இழந்தவர்களுக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரிய, சிலருக்கு நோவு குறைந்தது. எல்லாருக்கும் பலிப்பதில்லை.

நாங்கள் பழைய அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றிச் சித்தப்பாவின் இரு கால்களுக்கும் நடுவில் நிறுத்தினோம். இடது கால் விரல்களை மெல்ல மடக்கி விரிக்கச் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "விரியுது" என்றார்.

அங்கே இருந்தது காலின் உயிர் என்றால், ஒரு கண்ணாடி அதை எப்படி ஏமாற்றும்? ஏமாந்தது மூளை.

மூளையே இல்லாத தொட்டாற்சுருங்கியைக் காட்டி, அதற்கும் உணர்வு உண்டு என்று வாதாடுபவர்களும் உண்டு. ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தால் அது சுருங்காது என்று பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளோட் பெர்னார் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். அதற்காகச் செடிக்கு நினைவு தப்பியது என்றாகிவிடாது. செடிக்குள்ளும் மின் சமிக்ஞை ஓடுகிறது, மருந்து அதைக் குழப்புகிறது, அவ்வளவுதான்.

சரி, ஏறத்தாழ 1.4 கிலோ சதைக்குள் நோவு எப்படி நோவாகிறது? 1995இல் மெய்யியலாளர் டேவிட் சால்மர்ஸ் இதற்குக் 'கடினமான சிக்கல்' என்று பெயர் வைத்தார். இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. அந்த இடைவெளிக்குள் அப்பாச்சி புகுந்துவிட்டார். கண்ணாடி விஷயத்தை விளக்கி முடித்ததும் சொன்னார்: "தன்னைக் கண்ணாடியில கண்ட பிறகுதான் அந்தக் காலுக்கு ஆறுதல், பாத்தியோ?"