மைத்துனரின் ஐபிஓ-வுக்கு வீட்டுக் கடனில் டாப்-அப் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. கையில் வரும் சம்பளம் 72,000 ரூபாய். வீட்டுக் கடன் இஎம்ஐ 21,000. என் மனைவியின் தம்பி அட்டைப்பெட்டி தயாரிக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகிறார். எட்டு மாதத்துக்கு முன் அவசரம் என்று கேட்டதால், 14 சதவீத வட்டியில் 6 லட்சம் பர்சனல் லோன் எடுத்து அவருடைய கணக்குக்கு அனுப்பினேன். அதற்கு மாதம் 14,000 கட்டுகிறேன். மூன்று மாதம் வட்டி கொடுத்தார், பிறகு நின்றுவிட்டது. இப்போது கம்பெனியை எஸ்எம்இ ஐபிஓ-வுக்கு (சிறு நிறுவனங்களுக்கான பிரிவில் பொதுமக்களுக்கு முதல்முறை பங்கு விற்பது) கொண்டுபோகிறாராம். மொத்தம் 10 லட்சம் பங்கு. வெளியாட்களுக்குக் கொடுக்கும் முன் அக்கா பெயரில் பங்கு 120 ரூபாய்க்குத் தருகிறேன், ஒரு வருடத்தில் லிஸ்டிங் (பங்குச்சந்தையில் பட்டியலிடுவது), முதல் நாளே 400 போகும் என்கிறார். ஐபிஓ பணம் வந்ததும் பழைய 6 லட்சத்தையும் திருப்பிவிடுவாராம். போன வருட லாபம் 40 லட்சம் என்றார். வீட்டுக் கடனில் 12 லட்சம் டாப்-அப் (இருக்கும் கடனுக்கு மேல் கூடுதல் கடன்) எடுக்க வங்கி தயார். மறுத்தால் வீட்டில் மனவருத்தம் வரும். என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: டாப்-அப் விண்ணப்பத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், போடாதீர்கள். போட்டிருந்தால், பணம் கணக்குக்கு வருவதற்குள் வங்கிக்குப் போய் நிறுத்துங்கள்.

உங்கள் கடிதம் முழுக்க ஐபிஓ பற்றித்தான் இருக்கிறது. எனக்குக் கவலை ஐபிஓ மேல் இல்லை. மைத்துனர் கேட்கும்போதெல்லாம் உங்கள் பெயரில் கடன் வாங்கி அவரிடம் கொடுப்பது உங்களுக்குப் பழக்கமாகி வருகிறது. முதலில் பர்சனல் லோன், இப்போது வீட்டின் மேல் கடன். போன முறை ‘அவசரம்’ என்றார், இந்த முறை ‘ஐபிஓ’ என்கிறார். பணம் போகும் வழி ஒன்றுதான்.

கடன் வாங்கிக் கடன் கொடுத்தவன் கெட்டான் என்பார்கள். கம்பெனி யார் யாரிடம் பணம் வாங்கலாம் என்று சொல்லும் கம்பெனிச் சட்டத்தின் டெபாசிட் விதிகளிலும் அதற்கு ஒரு தடை இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனி தன் இயக்குநரின் நெருங்கிய உறவினரிடம் கடன் வாங்கினால், ‘இது நான் கடன் வாங்கிக் கொடுக்கும் பணம் அல்ல’ என்று அந்த உறவினர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த உறவினர் பட்டியலில் அக்கா உண்டு, அக்காவின் கணவர் இல்லை. ஆக, நாளைக்கே இந்த 6 லட்சத்தைக் கம்பெனிக் கணக்கில் உங்கள் பெயரில் கடனாகக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அது சட்டத்துக்குள் அடங்காது. மனைவி பெயரில் காட்டினால், அவர் உண்மைக்கு மாறாகக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். இப்போதைக்கு அது உங்களுக்கும் மைத்துனருக்கும் இடையிலான கைமாற்று, அதுவும் எழுத்தில் இல்லாத கைமாற்று.

சரி, ஐபிஓ-வுக்கு வருவோம். ‘ஐபிஓ பணம் வந்ததும் திருப்பிவிடுவேன்’ என்ற வாக்கைத்தான் நீங்கள் பெரிதாக நம்புகிறீர்கள். 2025 மார்ச்சில் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி எஸ்எம்இ வெளியீட்டு விதிகளைக் கடுமையாக்கியது. புரமோட்டரிடமோ (கம்பெனியைக் கையில் வைத்து நடத்துபவர், இங்கே உங்கள் மைத்துனர்), புரமோட்டர் குழுவிடமோ, தொடர்புடைய தரப்பிடமோ வாங்கிய கடனை வெளியீட்டுப் பணத்தில் அடைக்க, நேராகவும் சரி சுற்றுவழியாகவும் சரி, இப்போது அனுமதி இல்லை. புரமோட்டரின் உடன்பிறந்தவர் செபியின் கணக்கில் புரமோட்டர் குழுவில் வருகிறார். உங்கள் மனைவி அக்கா அல்லவா? அவர் பெயரில் கடன் காட்டினால் ஐபிஓ பணத்திலிருந்து அது திரும்பாது. மைத்துனருக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் இன்னும் மோசம்.

அடுத்தது, அவர் சொல்லும் ஒரு வருடம். பிரைவேட் லிமிடெட்டைப் பப்ளிக் லிமிடெட்டாக மாற்ற வேண்டும், பங்குகளை டிமேட்டுக்கு (மின்னணு வடிவத்துக்கு) கொண்டுவர வேண்டும், மூன்றாண்டுக் கணக்குகளைச் சீராக்க வேண்டும், வெளியீட்டை நடத்தித் தரும் மர்ச்சென்ட் பேங்கரை நியமிக்க வேண்டும், வெளியீட்டு விவரங்கள் அடங்கிய டிராஃப்ட் பிராஸ்பெக்டஸைப் பங்குச்சந்தை பார்த்து ஒப்புதல் தர வேண்டும். எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்து ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடும் முடியவில்லை. எஸ்எம்இ வெளியீட்டில் ஐபிஓ-வுக்கு முன்பே பங்கு வைத்திருப்பவர்கள், புரமோட்டராக இல்லாவிட்டாலும், வெளியீட்டுக்குப் பிறகு ஓராண்டு விற்க முடியாது. ‘முதல் நாளே 400’ என்பது உண்மையானாலும், அன்றைக்கு உங்கள் மனைவியால் ஒரு பங்கைக்கூட விற்க முடியாது.

ஆக 30 மாதம். டாப்-அப் 12 லட்சம், 10 சதவீதம், பத்து வருடம் என்றால் இஎம்ஐ கிட்டத்தட்ட 16,000. பர்சனல் லோனுக்கு 14,000. இரண்டும் சேர்த்து மாதம் 30,000, முப்பது மாதத்தில் 9 லட்சம். அப்போதும் இரண்டு கடனிலும் சேர்த்து 12.5 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கும். இதற்கிடையில் மாதாமாதம் 72,000-இல் 51,000 இஎம்ஐக்கே போய்விடும். மீதி 21,000-இல் குடும்பம் நடக்குமா என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவருக்கு இந்த எண் தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்தால் நீங்கள் பயப்படும் மனவருத்தம் வேறு மாதிரி இருக்கும்.

விலையையும் பார்ப்போம். 10 லட்சம் பங்கு, 40 லட்சம் லாபம் என்றால் பங்குக்கு 4 ரூபாய். 120 ரூபாய் கொடுப்பது லாபத்தைப் போல் 30 மடங்கு, 400 என்பது 100 மடங்கு. அட்டைப்பெட்டி செய்யும் ஒரு சிறு கம்பெனிக்கு அந்த விலை கொடுக்க யாருக்கு என்ன காரணம் இருக்கிறது? முதல் நாள் விலைக்கும் வரம்பு உண்டு: தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ-யின் எஸ்எம்இ தளத்தில் 2024 ஜூலையிலிருந்து, முதல் நாள் தொடக்க விலை வெளியீட்டு விலையைவிட 90 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. இன்னொன்று, வட்டி, தேய்மானம், வரி கழிக்கும் முன் உள்ள இயக்க லாபம் கடந்த மூன்று ஆண்டில் இரண்டிலாவது ஒரு கோடி இருந்தால்தான் எஸ்எம்இ ஐபிஓ-வுக்கே தகுதி. கடைசி லாபம் 40 லட்சமாக இருக்கும் கம்பெனிக்கு இது சந்தேகம்தான்.

‘ப்ரீ-ஐபிஓ’ (ஐபிஓ-வுக்கு முன்பே பங்கு) என்ற சொல்லைக் கேட்டதும் படித்தவர்கள்கூட நிதானம் இழப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. டெலிகிராம் குழுக்களில் கிரே மார்க்கெட் விலை (லிஸ்டிங்குக்கு முன் சந்தைக்கு வெளியே பேசப்படும் விலை) போடுகிறார்கள், பட்டியலிடாத பங்கை ஆன்லைனில் விற்கிறார்கள். சிறு நிறுவனங்களின் புரமோட்டர்கள் சிலர் நிலைமையை உள்ளதைவிட நன்றாகக் காட்டிப் பங்கை விற்கிறார்கள் என்று செபியே 2024 ஆகஸ்டில் எச்சரித்தது. விற்கத் தெரியாத, விற்க முடியாத பங்கைக் கடன் வாங்கி வாங்குவது முதலீட்டில் சேராது.

இப்போது செய்ய வேண்டியது. கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் மைத்துனரின் கம்பெனி பெயரைத் தேடுங்கள். 100 ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம். கடைசி ஆண்டின் பேலன்ஸ் ஷீட்டில் லாபத்தைப் பாருங்கள், கடன் எவ்வளவு என்று பாருங்கள். எந்தெந்த வங்கிக்கு எதை அடமானம் வைத்திருக்கிறார்கள் என்பதும் அங்கே பதிவாகியிருக்கும். அவர் வாயால் சொன்ன 40 லட்சம் அங்கே இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். மர்ச்சென்ட் பேங்கர் யார் என்று கேளுங்கள். பெயர் சொன்னால் செபியின் பதிவுப் பட்டியலில் சரிபாருங்கள். ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ என்றால் இன்னும் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் அந்த 6 லட்சம். வாங்கிய தேதி, தொகை, வட்டி, மாதத் தவணை எல்லாம் எழுதி அவர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். கடனை வசூலிக்க வழக்குப் போடச் சட்டம் தரும் காலம் மூன்று வருடம், அதில் எட்டு மாதம் போய்விட்டது. முகதாட்சண்யம் பார்த்தால் கடிகாரம் நிற்காது. அந்தத் தொகையைப் பங்காக மாற்றித் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். முறையான பங்கு ஒதுக்கீட்டில் பணம் கம்பெனியின் தனிக் கணக்குக்குப் போக வேண்டும், 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்காவிட்டால் அடுத்த 15 நாளுக்குள் திருப்ப வேண்டும். அவருடைய சொந்தக் கணக்குக்குப் போன உங்கள் பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

தவணை மாதம் 14,000 என்று கேளுங்கள், உங்கள் இஎம்ஐ அளவு. கொடுக்க ஆரம்பித்தால் நல்லது. மாதம் 14,000 கொடுக்க அவரால் முடியவில்லை என்றால், 12 லட்சம் கேட்பவரின் கம்பெனி நிலைமை என்ன என்பதை உங்கள் மனைவிக்கு நீங்கள் தனியாக விளக்க வேண்டியிருக்காது.