பொழுதுக்கும் காட்டுக்குள்ள நடக்கிறேனே, அது போதாதுங்களா?

கேள்வி: வயது 54. பெருந்துறைப் பக்கம் கிராமம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தினமும் நடக்கச் சொல்கிறார் டாக்டர். தோட்டங்காட்டுக்கும் மாட்டுக் கட்டுத்தரைக்குமாகப் பொழுதுக்கும் நடக்கிறேனே, அது போதாதா? மகன் சொன்னானென்று பத்து நாள் தார் ரோட்டில் தினமும் பத்தாயிரம் காலடி நடந்து, குதிகால் வலி வந்து நிறுத்திவிட்டேன். 'எங்கீங் அம்மிணி, வேகமாப் போறீங்க?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியும் மாளவில்லை. பக்கத்தில் பூங்காவும் கிடையாது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வலியைப் பார்ப்போம். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி சுரீரென்று குத்தி, பத்தடி நடந்ததும் குறைகிறதா? அப்படியென்றால், குதிகாலிலிருந்து விரல் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த சவ்வு புண்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பழகாத காலை ஒரேயடியாகப் பத்தாயிரத்துக்கு இழுத்தது ஒரு காரணம். இன்னொன்று உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும். வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் செருப்பை எடுத்து வரச் சொல்வேன். தயங்கித் தயங்கித்தான் எடுத்து வருவார்கள். ரப்பர் செருப்பில் குதிகால் பதியும் இடம் குழிந்து, அப்பளமாக இருக்கும். பின்பக்கம் வார் உள்ள, அடி தடித்த செருப்போ ஷூவோ வாங்குங்கள். சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதி தரையை விட்டு எழும்பாமல் அரை நிமிடம் நில்லுங்கள். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். தினம் இரண்டு வேளை, வேளைக்கு மூன்று முறை. பாதத்தில் மரத்துப்போன மாதிரியோ எரிச்சலோ இருந்தால், நடையைத் தொடங்கும் முன் டாக்டரிடம் காலைக் காட்டிவிடுங்கள்.

பத்தாயிரம் என்ற கணக்கு 1960களில் ஜப்பானில் விற்ற, காலடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர்கள் வகுத்த அளவில்லை அது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு.

காட்டு வேலை வீணில்லை. உட்கார்ந்தே இருப்பவர்களை விட நீங்கள் எவ்வளவோ மேல். ஆனால் மடை மாற்ற நாலடி, மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட நாலடி என்று நின்று நின்று போகிற நடை அது. மூச்சு கொஞ்சம் வாங்குகிற அளவுக்கு ஒரே சீராகப் போவதில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

சர்க்கரைக்கு இன்னொரு வழியும் உண்டு. அரை மணி நேரத்தை ஒரே மூச்சில் நடக்காமல், மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை நன்றாகவே மட்டுப்படும். ராத்திரி எங்கும் போக வேண்டாம், களத்தைச் சுற்றி வாருங்கள். குதிகால் வலி உள்ள வரை இதை ஐந்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். சில மாத்திரைகளால் நடுவழியில் சர்க்கரை இறங்கிப் படபடப்பு வரலாம். முந்தானையில் ரெண்டு மிட்டாய் இருக்கட்டும்.

பூங்கா இல்லையே என்கிறீர்கள். இட்டேரி இருக்குமே! இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம். தாரைவிட மண் காலுக்கு இதம். கோவைப் பந்தய சாலையில் நடக்கிறவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை. கவுதாரி குஞ்சுகளோடு குறுக்கே ஓடுவதை அங்கே பார்க்க முடியாது. ஒரே தடத்தில் மாதக்கணக்கில் நடந்தால் எந்த வேம்பு முதலில் பூக்கிறது, செம்போத்து எந்தப் புதரில் கத்துகிறது என்பதெல்லாம் தெரிந்துபோகும். அதைப் பார்க்கவே கால் கிளம்பும். பாம்பு இருக்கும் இடம் என்பதால் வெளிச்சம் வந்த பிறகு போங்கள். நெருஞ்சி இருப்பதால் வெறுங்கால் கூடவே கூடாது. கீழ்பவானி வாய்க்கால் கரை பக்கமென்றால் அதுவும் நல்ல தடம்தான். தண்ணீர் விட்டிருக்கும்போது துணையோடு போங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். போகும்போது மேற்கே பார்த்துப் போங்கள். அலுத்துத் திரும்பும்போது காற்றே முதுகைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வரும்.

கேள்வி கேட்கிறவர்களுக்கு ஒரு வழி. இதே மாதிரி புலம்பிய ஒரு அம்மாவிடம் சொன்னது: கையில் ஒரு சின்னப் பால் போசியை எடுத்துக்கொள்ளுங்கள். பால் சொசைட்டிக்குப் போகிறவரை நம் ஊரில் யாரும் எங்கே என்று கேட்பதில்லை. ஒரு மாதம் கழித்து அவர் வந்தபோது போசி இல்லை. கூட நடக்க மூன்று பேர் சேர்ந்துவிட்டார்களாம்.