இரவுப் பணியில் லாக் பார்க்கும் மகளைப் பற்றிக் கவலைப்படும் தாய்க்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து, நெட்வொர்க் கண்காணிப்பு மையம் ஒன்றில் பயிற்சிப் பணியில் சேர்ந்திருக்கும் உங்கள் மகள், நான்கு மாதங்களாக இரவெல்லாம் கறுப்புத் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும், இதை விட்டுவிட்டுக் கோடிங் வகுப்பில் சேர்த்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம் என்றே சொல்வேன்.

அந்த வரிகளுக்கு லாக் என்று பெயர். கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரவுட்டர், சுவிட்ச் போன்ற கருவிகள் தமக்கு நேர்ந்ததைத் தாமே குறித்துவைக்கும் பதிவு அது. சிஸ்கோ என்ற நிறுவனத்தின் கருவியில் ஒரு கேபிள் கழன்றால் 'லிங்க்-3-அப்டவுன்' என்ற வரி விழும். யாராவது உள்ளே நுழைந்து அமைப்பை மாற்றும் பகுதிக்குச் சென்று திரும்பினால் 'சிஸ்-5' என்று தொடங்கும் வரி விழும். நடுவில் உள்ள எண்தான் கடுமையின் அளவு. 0 என்றால் கருவியே பயன்படாத நிலை. 7 என்றால் பழுது தேடும்போது மட்டும் தேவைப்படும் நுண்விவரம்.

இதில் என்ன பெரிய திறமை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். லாக்குகளைச் சேர்த்துவைக்கும் வெளி சர்வருக்கு 'வார்னிங்' நிலை வரை மட்டும் அனுப்பு என்று ஒருவர் கமாண்ட் கொடுத்துவிட்டால் 0 முதல் 4 வரையிலான வரிகளே அங்கு போய்ச் சேரும். அமைப்பை மாற்றியது யார் என்று சொல்லும் 5ஆம் நிலை வரி போகாது. கருவிக்குள் இருக்கும் பதிவோ ரேம் நினைவகத்தில் இருப்பது. இடம் நிறைந்ததும் பழைய வரிகள் அழிந்து புதியவை ஏறும், கருவியை ரீஸ்டார்ட் செய்தால் மொத்தமும் போய்விடும். ஆகவே, பழுது வந்ததும் பதற்றத்தில் ரீஸ்டார்ட் செய்பவர் தடயத்தைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்; முதலில் பதிவைத் திரையில் காட்டும் 'ஷோ லாகிங்' கமாண்டைக் கொடுத்து, வந்ததைச் சேமித்துக்கொண்டு, அதன் பிறகு கை வைப்பவரையே நிறுவனங்கள் தேடுகின்றன. நான் நடத்தும் மாதிரி நேர்காணல்களில் பழுது வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்ற இந்த ஒரு கேள்வியில்தான் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகள்கூடத் தடுமாறுகிறார்கள்.

நேரமும் அப்படித்தான். சில கருவிகளின் லாக் வரியில் தேதிக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும், மழைக்காலத்திலும் 'மார்ச் 1' என்ற தேதியும் நிற்பதை உங்கள் மகள் பார்த்திருப்பார். அந்தக் கருவியின் கடிகாரம் சரிசெய்யப்படவில்லை என்பதே அதன் பொருள். கருவிகளின் கடிகாரங்களை நெட்வொர்க் வழியே ஒன்றாக்கும் என்டிபி முறையில் நேரத்தை ஒத்திசைக்காவிட்டால், பத்துக் கருவிகளின் பதிவுகளை அருகருகே வைத்தாலும் எது முதலில் நடந்தது என்று சொல்ல முடியாது.

வேலைவாய்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022 ஏப்ரல் 28 அன்று இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவின்படி, இந்தியாவில் நிறுவனங்களும் டேட்டா சென்டர்களும் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்களுக்குப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். ஆகவே, லாக்கை ஒழுங்காகச் சேர்த்து, படித்து, பொருள் சொல்லத் தெரிந்தவருக்கு நெட்வொர்க் துறையிலும் இணையப் பாதுகாப்புத் துறையிலும் வழி திறந்தே இருக்கிறது.

அடுத்த ஆறு மாதங்களில் அவர் சிஸ்கோ நடத்தும் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏவுக்குத் தயாராகட்டும். லாக்குகளை அனுப்பும் முறையான சிஸ்லாக், என்டிபி இரண்டும் அதன் பாடத்திட்டத்திலேயே உள்ளன. நெட்வொர்க்கைக் கணினியிலேயே மாதிரியாக அமைத்துப் பார்க்க உதவும் பாக்கெட் டிரேசர் மென்பொருளை இலவசமாகப் பெற்று வீட்டிலேயே பழகலாம். கோடிங் ஆசையையும் கைவிட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான லாக் வரிகளிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் சிறு பைத்தான் நிரலை அவர் எழுதினால், இரண்டு படிப்பும் ஒரே இடத்தில் சேரும்.

இரவுப் பணி குறித்த உங்கள் அச்சம் நியாயமானது. வீட்டு வாசல் வரை வண்டி வருகிறதா, பணிநேரம் சுழற்சியில் மாறுகிறதா என்று தயங்காமல் கேளுங்கள். ஓராண்டு கழிந்த பிறகும், கருவியில் ஒரு கமாண்டுகூடக் கொடுக்க விடாமல், வரும் எச்சரிக்கையை மேலிடத்துக்கு அனுப்பும் வேலையை மட்டுமே அவருக்குக் கொடுத்தால், அப்போது வேறு நிறுவனம் தேடலாம். அதற்கான தன்விவரக் குறிப்பை அவருடன் உட்கார்ந்து நானே தயாரித்துத் தருகிறேன்.