மாணவர் கடன்: அமெரிக்க மாநில அரசுகள் எதைச் செய்ய முடியும்?

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நிதியுதவி அலுவலகத்தில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பொருந்துபவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, ஃபெடரல் லோன் 38,000 டாலர் நிற்கிறது. மாநில அரசு தள்ளுபடி செய்யுமா?

செய்யாது தம்பி. அது மத்திய அரசு கொடுத்த கடன், மாநிலம் கைவைக்க முடியாது. 2022-ல் மத்திய அரசு அறிவித்த 10,000 டாலர் தள்ளுபடியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனதே ஆறு மாநிலங்கள்தான். 2023 ஜூனில் அந்தத் தள்ளுபடி செல்லாது என்று தீர்ப்பு வந்த அன்று எங்கள் ஃபோன் ஓயவே இல்லை.

ஆனால் நீங்கள் கட்டுகிற தவணையில் ஒரு பங்கை வரி வழியாகத் திருப்பித் தர மாநிலத்தால் முடியும். மெய்ன் மாநிலத்தில் ஆண்டுக்கு 2,500 டாலர் வரை, வாழ்நாளில் 25,000 டாலர் வரை கிடைக்கும். உங்கள் வரி அதைவிடக் குறைவு என்றால் மீதி கைக்கே வரும். அங்கே குடியிருந்து சம்பாதிக்க வேண்டும்.

கேள்வி: மேரிலாந்தில் இருக்கிறோம் மேடம். மகள் இங்குள்ள மாணவர் கடன் வரிச்சலுகைக்கு விண்ணப்பிக்கலாமா?

கண்டிப்பாக, ஐயா. வாங்கிய கடன் 20,000 டாலராவது இருக்க வேண்டும், அதில் 5,000 இன்னும் பாக்கி இருக்க வேண்டும். தனி விண்ணப்பம், கடைசி நாள் செப்டம்பர் 15. ஏப்ரலில் வரிக் கணக்கை முடித்த கையோடு எல்லோரும் மறந்துபோகிற தேதி இது.

இன்னொன்று. என் தோழியின் மகளுக்கு இந்தப் பணம் ரீஃபண்டோடு சேர்ந்து பேங்கில் விழுந்தது. பிரித்துப் பார்க்காமல் புது வீட்டு அட்வான்ஸுக்குக் கொடுத்துவிட்டாள். அது கடனுக்கே போக வேண்டிய பணம். கட்டியதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் மாநிலம் திரும்பக் கேட்கும். கெடு முடிவதற்குள் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டி, ரசீதை அனுப்பித் தப்பித்தாள். உங்கள் மகளைப் பணம் வந்த அன்றே கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: ரோட் ஐலண்ட், மாசசூசெட்ஸ் மாநில அமைப்புகளில் ரீஃபைனான்ஸ் (புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பது) செய்யலாமா?

தனியார் கடன் என்றால் தாராளமாக வட்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபெடரல் கடனை மாற்றாதீர்கள். வருமானத்துக்கு ஏற்ற தவணை, பொதுச் சேவையில் 120 தவணை கட்டினால் கிடைக்கும் தள்ளுபடி, இரண்டும் போய்விடும். திரும்ப வராது.

கேள்வி: கட்டிய தவணையைக் கடன் நிறுவனம் வரவே வைக்கவில்லை. யாரிடம் போவது?

மாநில மாணவர் கடன் குறைதீர்ப்பாளரிடம். 2015-ல் கனெக்டிகட் இதற்குச் சட்டம் கொண்டுவந்தது, பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. செலவே இல்லை. அந்தப் பதவி இல்லாத மாநிலத்தில் அட்டர்னி ஜெனரல் (மாநிலத் தலைமைச் சட்ட அதிகாரி) அலுவலகத்துக்கு எழுதுங்கள். 2022-ல் 39 அட்டர்னி ஜெனரல்கள் சேர்ந்து நேவியன்ட் என்ற மாணவர் கடன் நிறுவனத்தோடு 185 கோடி டாலர் உடன்படிக்கை போட்டார்கள். சுமார் 66,000 பேரின் தனியார் கடன் அதில் ரத்தானது. அப்படித் தனித்தனியாக வந்த புகார்கள்தான் வழக்குக்கு வலு. காசு வாங்கிக்கொண்டு "கடனை முடித்துத் தருகிறோம்" என்பவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள்!

கேள்வி: மருமகள் நர்ஸ். ஏதாவது உண்டா?

மருத்துவ ஆள் பற்றாக்குறை உள்ள பகுதியில் வேலை செய்ய ஒப்பந்தம் போட்டால் பல மாநிலங்கள் கடனில் ஒரு பகுதியைக் கட்டும். பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள்.

கேள்வி: மகன் நியூயார்க்கில் எக்செல்சியர் உதவித்தொகையில் படித்தான். இப்போது நியூஜெர்சியில் வேலை கிடைத்திருக்கிறது. வீடு நியூயார்க் நகரத்துக் குவீன்ஸில்தான்.

வீடு மட்டும் போதாதம்மா. எத்தனை வருஷம் உதவித்தொகை வாங்கினானோ அத்தனை வருஷம் நியூயார்க்கில் குடியிருக்க வேண்டும், வேறு மாநிலத்தில் வேலையும் பார்க்கக் கூடாது. மீறினால் உதவித்தொகை கடனாக மாறிவிடும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவனை ஒப்பந்தத்தை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.